சென்னையின் முதல் தலித் மேயர்: ஓராண்டு நாற்காலியும் நம் ஊராட்சிக் காசோலையும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. சென்னை மாநகராட்சியின் முதல் தலித் மேயர் யார்? பலரும் யோசிக்காமல் 'பிரியா' என்பார்கள். அது பாதிதான் சரி. 2022 மார்ச் 4-ஆம் தேதி பொறுப்பேற்ற ஆர்.பிரியா, சென்னையின் முதல் தலித் பெண் மேயர். முதல் தலித் மேயர் அவருக்கு 85 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டார். ஆண்டு 1937. பெயர் ஜே.சிவசண்முகம் பிள்ளை.

பெயரைப் படித்ததும் சிலருக்குப் புருவம் உயரும். 'பிள்ளை' என்றிருக்கிறதே, இவர் எப்படி நம்மவர் என்று கேட்பார்கள். அந்தக் காலத்து ஆதிதிராவிடத் தலைவர்கள் பலர் பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' உண்டு. 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்ற வி.ஐ.முனுசாமி பிள்ளையும் அப்படித்தான். பட்டம் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லாலேயே இப்படிப்பட்டவர்கள் நம் பிள்ளைகளின் கண்ணில் படாமல் போனார்கள் என்பதும் உண்மை.

மரக்காணத்தில் உட்கார்ந்துகொண்டு சென்னை மேயர் கதை எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் சட்டமன்றத் தொகுதியான திண்டிவனம் தனித்தொகுதி. விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதி. பேரூராட்சி, ஊராட்சித் தலைவர் பதவிகளும் சுழற்சியில் நமக்கு வருகின்றன, போகின்றன. நாற்காலி கிடைத்தவருக்கு அதில் என்ன அதிகாரம் இருக்கிறது, யாருடைய வாக்கில் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், அவர் எழுந்துபோனால் அடுத்து யார் உட்காருவார் என்பவை உப்பளத் தெருவுக்கும் பொருந்தும் கேள்விகள். இவை எல்லாவற்றையும் சிவசண்முகத்தின் வாழ்க்கையில் பார்க்கலாம்.

கவுன்சிலரிலிருந்து மேயர்

1901 பிப்ரவரி 24-ல் சென்னையில் பிறந்தவர் சிவசண்முகம். லயோலா கல்லூரியில் படித்தார். தலித் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் கல்லூரி வாசல் ஏறுவது அப்போது அரிது. 1930-ல் அவர் ஒரு வேலை செய்தார். எம்.சி.ராஜாவின் வாழ்க்கை, எழுத்து, பேச்சு ஆகியவற்றைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கினார். ராஜா பரங்கிமலையில் பிறந்த பள்ளி ஆசிரியர். சென்னை சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் தலித் தலைவர். இழிவான பெயர்களை விட்டுவிட்டு 'ஆதிதிராவிடர்' என்றே அரசு ஆவணங்களில் எழுத வேண்டும் என்று 1922-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர். அந்த ராஜாவின் பேச்சுகளை வரிவரியாகப் படித்துத் தொகுத்தவர், சட்டமன்ற நடைமுறையை முப்பது வயதுக்குள்ளேயே நன்கு அறிந்திருப்பார். பின்னாளில் அவருக்குக் கைகொடுத்ததும் அந்த அறிவுதான்.

அன்றைய மாநகராட்சி இன்றைய மாநகராட்சி போல இல்லை. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு கிடையாது. வரி கட்டுகிறவர், சொத்துள்ளவர் வாக்குதான் கணக்கு. சேரியில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலுக்குள் வந்திருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். மாநகராட்சித் தலைவருக்கு 'மேயர்' என்ற பட்டம் 1933-ல்தான் வந்தது. முதல் மேயர் முத்தையா செட்டியார். அவருக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருவராக மேயர்கள் மாறினார்கள். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. உறுப்பினர்கள் கூடி, தங்களில் ஒருவரை ஓராண்டுக்கு உட்கார வைப்பார்கள். சிவசண்முகமும் அந்த வரிசையில் வந்தவர்தான்.

அந்த ஓராண்டு மேயருக்கு அதிகாரமும் பெரிதாக இல்லை. 1919-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டப்படி நிர்வாகம் ஆணையர் கையில் இருந்தது. மேயர் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார், மரியாதை பெறுவார், அங்கி அணிவார். ஆள் நியமனமும் பணம் செலவழிப்பதும் ஆணையர் வழியாகத்தான் நடக்கும். ரிப்பன் மாளிகையில் ஆதிதிராவிடர் ஒருவர் மேயர் அங்கியோடு உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், அந்த நகரத்தின் தெருவைக் கூட்டியதும் மலக்கூடை சுமந்ததும் பெரும்பாலும் அவருடைய சனங்கள்தான். ஓராண்டில் அந்த நிலையை மாற்றும் அதிகாரம் அந்த நாற்காலிக்கு இல்லை. அந்த நாற்காலியைப் பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

அப்படியானால் அது வெறும் அலங்காரப் பதவியா? அப்படியும் சொல்லிவிட முடியாது. கோழியாளம் நம் கடற்கரைக்கு வடக்கே, மதுராந்தகம் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஊரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் பொதுக்கட்டடத்திலும் ஆதிதிராவிடருக்குத் தடை இல்லை என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். பொது அலுவலகத்துக்குள் நம்மவர் நுழைவதற்கே தீர்மானம் போட வேண்டியிருந்த காலம் அது. 13 ஆண்டுகளில் அந்த மாகாணத் தலைநகரின் மாமன்றத்துக்கே ஒருவர் தலைமை வகித்தார். அவர் சொன்னால்தான் மற்றவர்கள் எழுந்து பேச முடியும், உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும். கூட்டம் நடத்துகிறவருக்கு உள்ள அதிகாரம் அது. சிறியதுதான். ஆனாலும் அதற்கு முன்பு இல்லாதது.

அதே காலத்தில் ராஜா சட்டமன்றத்தில் இரண்டு சட்டங்களுக்காகப் போராடினார். பொதுவழி, பொதுநீர், பொதுவண்டி, அரசு வேலை ஆகியவற்றில் தீண்டாமைத் தடையை நீக்கும் சட்டம் 1938-ல் நிறைவேறியது. கோயில் நுழைவு மசோதாவுக்கு ராஜாஜி அரசின் ஆதரவு கிடைக்கவில்லை. அது தோற்றது. மேயராக இருக்கலாம், கோயிலுக்குள் மட்டும் போகக் கூடாது என்பதுதான் 1938-ஆம் ஆண்டு நிலைமை.

யாருடைய வாக்கு?

சிவசண்முகத்தை மேயராக்கிய வாக்குகள் யாருடையவை? சேரிக்காரர் வாக்குகள் அல்ல. மாமன்றத்தில் இருந்த பெரும்பான்மைச் சாதி உறுப்பினர்களின் வாக்குகள். 1936 மாநகராட்சித் தேர்தலில் காங்கிரஸ் வென்றிருந்தது. 1937 சட்டமன்றத் தேர்தலிலும் காங்கிரஸ்தான். பூனா ஒப்பந்தத்தின்படி சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய 30 இடங்களில் 26 காங்கிரசுக்குப் போயின. 1932-ல் அண்ணல் அம்பேத்கர் தனிவாக்காளர் தொகுதி கேட்டது இதற்காகத்தான். இருக்கை நமக்கு, வாக்கு மற்றவர்களுக்கு என்றால், உட்காருகிறவர் யாருக்குப் பதில் சொல்வார் என்று அவர் கேட்டார். இன்றைய தனித்தொகுதிகளிலும் இந்தக் கேள்வி தீரவில்லை.

இதே நாற்காலிக்கு வேறு வழியில் வந்தவர் என்.சிவராஜ். 1892 செப்டம்பர் 29-ல் பிறந்தவர், சட்டக் கல்லூரிப் பேராசிரியர், நீதிக்கட்சிக் காலத்துச் சட்டமன்ற உறுப்பினர். 1942-ல் நாகபுரியில் அம்பேத்கர் அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பைத் தொடங்கியபோது அதன் தலைவரானவர் இவர்தான். காங்கிரசுக்கு எதிர்வரிசையில் நின்றபடியே 1945-46-ல் சென்னை மேயரானார். அவருடைய துணைவியார் அன்னை மீனாம்பாள் தலித் இயக்கத்தின் பெரிய பேச்சாளர். ஆணும் பெண்ணுமாக ஒரு வீட்டிலிருந்தே இயக்கம் நடந்தது. 1957-ல் நமக்குப் பக்கத்துச் செங்கல்பட்டு மக்களவைத் தொகுதியில் சுயேச்சையாக வென்று நாடாளுமன்றம் போனார் சிவராஜ். அதே ஆண்டில் உருவான இந்தியக் குடியரசுக் கட்சிக்கு முதல் தலைவரும் அவரே.

ஒருவர் காங்கிரசில் இருந்து மேலே போனார். இன்னொருவர் அம்பேத்கருடன் நின்று மேலே போனார். யார் வழி சரி என்று நம் கூட்டங்களில் இன்றும் வாக்குவாதம் நடக்கும். சிவராஜின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஆனாலும் சிவசண்முகத்தை 'அவர்கள் வைத்த ஆள்' என்று ஒதுக்கித் தள்ளுவது நியாயம் இல்லை. மேயர் பதவிக்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம்.

1946-ல் சிவசண்முகம் சென்னை சட்டமன்றத்தின் சபாநாயகரானார். 1955 வரை, ஏறத்தாழ 9 ஆண்டுகள் அந்த இருக்கையில் இருந்தார். சுதந்திரம் வந்தது, அரசியலமைப்புச் சட்டம் வந்தது, வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. எல்லாம் அவர் காலத்தில். 1947-ல் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறிய அவைக்கும் அவர்தான் தலைவர். மேயராக இருந்தபோது தோற்றுப்போன சட்டம், அவர் சபாநாயகராக இருந்தபோது நிறைவேறியது. (அதற்கு 76 ஆண்டுகள் கழித்து, 2023 ஜூனில், நம் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போகக் கூடாது என்ற தகராறில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் கதவு திறந்துவிடாது.)

1952 தேர்தலுக்குப் பிறகு அவையை நடத்துவது எளிதான வேலையாக இருக்கவில்லை. மொத்தம் 375 இடங்கள். காங்கிரசுக்கு 152 மட்டும். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ராஜாஜியை அழைத்து ஆட்சி அமைக்க வைத்தார்கள். கம்யூனிஸ்டுகள் எதிர்க்கட்சி வரிசையில் பலமாக இருந்தார்கள். ஆந்திரம் பிரியும் கொந்தளிப்பு வேறு. இப்படிப்பட்ட அவையில் ஒவ்வொரு தீர்மானமும் ஒன்றிரண்டு வாக்குகளில் தொங்கும்.

அதன் உச்சம் 1953 ஜூலை. பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும் என்ற ராஜாஜியின் கல்வித் திட்டம் அவைக்கு வந்தது. 'குலக்கல்வித் திட்டம்' என்று நாம் அறிந்தது. உப்பளத்தில் அப்பன் பாத்தி மிதித்தால் பிள்ளையும் மதியத்துக்குப் பிறகு பாத்தி மிதிக்க வேண்டும், தோட்டி மகன் துடைப்பம் பிடிக்க வேண்டும் என்பதுதான் நம் சனத்துக்கு அதன் பொருள். திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக 138 வாக்குகள், எதிராகவும் 138 வாக்குகள். தீர்மானம் நிறைவேறவில்லை. ஆனால் திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழு ஆராய வேண்டும் என்ற இன்னொரு தீர்மானம் 139-க்கு 137 என்ற கணக்கில் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ராஜாஜி விலகினார், காமராஜர் முதல்வரானார், திட்டம் ஒழிந்தது. இரண்டு வாக்கு வித்தியாசம்! அந்த அவையின் சபாநாயகர், குலத்தொழில் விதியை மீறிக் கல்லூரி வரை படித்த ஆதிதிராவிடர்.

1955-ல் அவர் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணைய உறுப்பினராக டெல்லி சென்றார். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளைத் தேர்வு செய்யும் அந்த ஆணையத்தில் 1961 வரை பணியாற்றினார். பிறகு 1962 முதல் 1968 வரை மாநிலங்களவை உறுப்பினர். 1975-ல் மறைந்தார். கவுன்சிலர், மேயர், சபாநாயகர், தேர்வாணையம், மாநிலங்களவை என்று போன வாழ்க்கையில் மேயர் பதவி ஓராண்டுதான். நடைமுறை தெரிந்தவர் என்ற பெயர்தான் அடுத்தடுத்த கதவுகளைத் திறந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

சிகாகோவின் இடைக்கால மேயர்

'யாருடைய வாக்கில் உட்கார்ந்தாய்' என்ற கேள்வி கடல் கடந்தும் கேட்டிருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக்கு 1983-ல் ஹெரால்டு வாஷிங்டன் முதல் கறுப்பின மேயரானார். நகர மன்றத்தில் வெள்ளையின உறுப்பினர்களின் பெரும்பான்மை அணி ஆண்டுக்கணக்கில் அவருக்கு முட்டுக்கட்டை போட்டது. இரண்டாவது முறையும் வென்ற அவர், 1987 நவம்பர் 25-ல் திடீரென்று மாரடைப்பில் இறந்தார். துணை மேயராக இருந்த டேவிட் ஓர் ஒரு வாரம் பொறுப்பில் இருந்தார். அதற்குள் நகர மன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரை இடைக்கால மேயராகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்வானவர் யூஜின் சாயர். அலபாமாவில் பிறந்து சிகாகோவுக்கு வந்து, நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்து, 1971 முதல் மன்ற உறுப்பினராக இருந்தவர். அவரும் கறுப்பினத்தவர். ஆனால் அவருக்கு விழுந்த வாக்குகளில் பெரும்பாலானவை, வாஷிங்டனை எதிர்த்து நின்ற வெள்ளையின உறுப்பினர்களுடையவை. கறுப்பின மக்களில் பலர் விரும்பியது டிமதி எவன்ஸ் என்ற வேறொருவரை. டிசம்பர் 2 அதிகாலை வரை கூட்டம் இழுத்தது. வெளியே ஆயிரக்கணக்கானோர் திரண்டு, 'விலைபோய்விட்டாய்' என்று ரூபாய் நோட்டைக் காட்டுவதுபோல் டாலர் நோட்டை ஆட்டினார்கள். 29-க்கு 19 என்று சாயர் வென்றார்.

சாயர் கெட்ட நிர்வாகி இல்லை. வாஷிங்டன் தொடங்கிவைத்த பல வேலைகளைத் தொடர்ந்தார். வாஷிங்டன் காலத்தில் நிறைவேறாத மனித உரிமை நகரச் சட்டத்தை 1988-ல் நிறைவேற்றினார். வேலையிலும் வீட்டு வாடகையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அது. ஆனாலும் முதல் நாள் இரவில் ஒட்டிய பெயர் போகவில்லை. கறுப்பின வாக்குகள் பிளந்தன. 1989-ல் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். 'இடைக்கால' என்ற சொல்லோடு அவர் பதவி முடிந்தது.

மாற்றார் வாக்கில் வந்த நாற்காலியில் இருந்து நல்ல வேலை செய்ய முடியும் என்பதற்குச் சாயரும் சாட்சி, சிவசண்முகமும் சாட்சி. ஆனால் சொந்த மக்களின் நம்பிக்கை பின்னால் இல்லாவிட்டால் அந்த நாற்காலி எவ்வளவு சீக்கிரம் கையை விட்டுப் போகும் என்பதற்கும் சாயர்தான் சாட்சி.

துணைக்கு ஒதுக்கீடு இல்லை

நம் சட்டத்தில் இடைக்காலம் எப்படி நடக்கிறது? மேயர் பதவி காலியானால் துணை மேயர் பொறுப்பு வகிப்பார். 2002-ல் ஒருவர் இரண்டு பதவி வகிக்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டபோது, சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த மு.க.ஸ்டாலின் சென்னை மேயர் பதவியை விட்டார். துணை மேயராக இருந்த கராத்தே தியாகராஜன் பொறுப்பு மேயரானார். சில வாரம் அல்ல, ஆண்டுக்கணக்கில் அந்தப் பொறுப்பில் இருந்தார். 2024 ஜூலையில் கோவை மேயரும் நெல்லை மேயரும் அடுத்தடுத்து விலகியபோது அங்கும் துணை மேயர்கள் பொறுப்பேற்றார்கள். அடுத்த மாதமே புதிய மேயர்கள் தேர்வானார்கள். ஆக, பொறுப்புக் காலம் ஒரு மாதமாகவும் இருக்கலாம், பல ஆண்டாகவும் நீளலாம்.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் தலைவர் பதவிக்குத்தான் இட ஒதுக்கீடு தருகின்றன. 2022 தேர்தலில் சென்னையும் தாம்பரமும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு, ஆவடி பட்டியல் சாதிப் பொதுப் பிரிவுக்கு என்று ஒதுக்கினார்கள். துணை மேயர், துணைத் தலைவர் பதவிகளுக்கு ஒதுக்கீடு கிடையாது. தனிப்பதவியில் இருக்கும் தலைவர் விலகினால், விலக்கப்பட்டால், இறந்தால், அடுத்த தேர்தல் வரை அந்த நாற்காலியில் எந்தச் சாதித் துணைத் தலைவரும் உட்காரலாம். ஒதுக்கீடு அந்த இடைவெளியில் செல்லாது. தலித் தலைவரை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

எழுப்புவதற்கு எந்த அளவுக்குப் போவார்கள் என்பதை மேலவளவு காட்டிவிட்டது. தனிப்பதவியாக்கப்பட்ட அந்த ஊராட்சியின் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30-ல் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவர் தேர்தலை ஒழுங்காக நடக்கவே விடவில்லை. 2006-ல்தான் நடந்தது. நம் கடற்கரையும் சாதி நெருப்பைக் கண்டதுதான். 2013 ஏப்ரல் 25-ல் மரக்காணத்தில் எரிந்த குடிசைகளை இந்தப் பகுதி மறக்கவில்லை.

இப்போது கத்தி அரிதாகத்தான் எடுக்கிறார்கள். பேனா போதும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன்படி கிராம ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தனிப்பதவி ஊராட்சியில் நடப்பது என்ன? தலைவர் காலனித் தெருவிலிருந்து வருவார். வார்டு உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஊர்த்தெருவினர். அவர்கள் தங்கள் ஆளைத் துணைத் தலைவராக்குவார்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் குடிநீர் மோட்டார் பழுதுபார்த்த கூலி நிற்கும், தெருவிளக்கு பல்பு வாங்கிய கடைக்காரர் பாக்கி கேட்டு வீட்டுக்கு வருவார், துப்புரவுப் பணியாளர் சம்பளம் நிற்கும். ஆறு மாதத்தில் 'தலைவருக்கு நிர்வாகம் தெரியவில்லை' என்று சொந்தத் தெருவே பேசத் தொடங்கும். பிறகு மாவட்ட ஆட்சியருக்குப் புகார் போகும். சட்டத்தின் 205-ஆவது பிரிவில் தலைவரைப் பதவி நீக்க ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. நீக்கிவிட்டால் பொறுப்பு யாருக்கு? கையெழுத்துப் போட மறுத்த அதே துணைத் தலைவருக்கு.

பக்கத்துக் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020-ல் பெண் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளியானபோது நாடே அதிர்ந்தது. வழக்குப் பதிந்தார்கள், துணைத் தலைவரைக் கைது செய்தார்கள், ஊராட்சிச் செயலரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். படம் வெளிவந்ததால் நடவடிக்கை வந்தது. காசோலையில் போடாத கையெழுத்தை எந்தக் கேமராவும் படம் பிடிக்காது.

படித்த பிள்ளைகள் இதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-ல் திருத்தினார்கள், 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் 3(1)(எம்) பிரிவுப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சி அல்லது நகராட்சி உறுப்பினரையோ தலைவரையோ அவருடைய வழக்கமான கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதும் மிரட்டுவதும் குற்றம். வெட்டினால்தான் குற்றம், சாதிப் பெயர் சொல்லித் திட்டினால்தான் குற்றம் என்பதில்லை. ஆனால் இதை வழக்காக்க எழுத்து வேண்டும். எந்தத் தேதியில் எந்தக் காசோலை துணைத் தலைவரிடம் போனது, என்ன காரணம் சொல்லித் திரும்பி வந்தது, எந்தக் கூட்டத்துக்கு யார் வரவில்லை என்பதெல்லாம் தீர்மானப் புத்தகத்திலும் பதிவுத் தபாலிலும் இருக்க வேண்டும். தலைவர் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத உப்பளத் தொழிலாளியாக இருந்தால், இந்தக் கடிதங்களை எழுதித் தர அந்தத் தெருவின் கல்லூரி மாணவர் ஒருவர் போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களில் வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்பதும் அவர்களால் முடியும்.

உப்பள நிலம் பெரும்பாலும் மத்திய அரசின் உப்புத் துறையிடம் இருக்கிறது. அதில் ஊராட்சித் தலைவர் கை வைக்க முடியாது. மழைக்காலத்தில் உப்பு வாரும் வேலை நின்றதும் அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணமும் அவர் கையில் இல்லை. ஆனால் காலனிக்குக் குடிநீர்க் குழாயும் சுடுகாட்டுப் பாதையும் தெருவிளக்கும் அந்த இரண்டு கையெழுத்துகளில்தான் நிற்கின்றன.

விழுப்புரம் மாவட்டத்தில் கடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஐந்தாண்டுப் பதவிக்காலம். உப்பு சீசன் முடிந்து ஆட்கள் வீட்டில் இருக்கும் மாதம் அது. அப்போது நம் தெருக்களில் எல்லோர் பேச்சும் தலைவர் பதவியைப் பற்றியே இருக்கும். வார்டு உறுப்பினர் தேர்தலில் ஒதுக்கிய வார்டில் மட்டும் மனுப் போட்டுவிட்டு மற்ற வார்டுகளை அப்படியே விட்டுவிடுகிறோம். பொது வார்டில் நம்மவர் நிற்கச் சட்டத்தில் தடை இல்லை. மற்ற வார்டுகளில் நியாயமாக நடக்கக்கூடிய இரண்டு மூன்று உறுப்பினர்களோடு தேர்தலுக்கு முன்பே பேசி வைக்கவும் தடை இல்லை. தேர்தல் முடிந்து சில நாட்களில் வார்டு உறுப்பினர்கள் ஒரு அறையில் கூடி, துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காசோலையின் இரண்டாவது கையெழுத்து யாருடையது என்பதும், தலைவர் நாற்காலி காலியானால் அதில் யார் உட்காருவார் என்பதும் அந்த அறையில்தான் முடிவாகின்றன.